லீவு முடிந்து வந்த பூதக்கண்ணாடி

கதவு திறக்கவில்லை.

ஆபீஸ் அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். கதவோரத்துப் பெட்டி சிவப்பாக முறைத்தது. திருப்பி வைத்துப் பார்த்தான். அதே முறைப்பு.

ஆபீசில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். மற்றவர்கள் எழுதுகிற செயலியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நோண்டிக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கம்பெனி ஒரே அறையில், பாத்ரூம் அலமாரியில் பிரிண்டரை வைத்துக்கொண்டு நடந்த காலத்திலேயே சேர்ந்தவன். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று நீளமாக லீவு போட்டிருந்தான். போன இடத்தில் அவனுடைய போன் ஆஸ்பத்திரி வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. புதுப் போன் நேற்றுத்தான் வந்தது. அதில் மனைவியின் நம்பரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"உங்களுக்கும் திறக்கலையா?" பின்னால் குதிரைவால் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். "சேர்ந்த புதுசுல எனக்கும் இப்படித்தான். வாங்க, என் பின்னாடியே வந்துடுங்க."

சேர்ந்த புதுசாம்! அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பின்னாடியே போனான்.

உள்ளே சுவரெல்லாம் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. அவன் லீவில் போகும்போது நீலம். அதில் அவன் ஆச்சரியப்படவில்லை. வளர்கிற கம்பெனி, பெயிண்ட் காய்வதற்குள் சின்னத்தையே மாற்றிவிடுவார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதிலும் ஆச்சரியமில்லை. திங்கட்கிழமைதோறும் புதுக் கும்பல் ஒன்று வந்து இறங்கும். யார், எவர் என்று விசாரிப்பதற்குள் பாதிப் பேரை வேறு மாடிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆச்சரியம் ஜன்னலோரத்தில் காத்திருந்தது. அவனுடைய இடத்தில் வேறொருவன் சாவகாசமாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"இது என் சீட்டு."

"அப்படியா? நான் வந்தப்போ காலியாத்தானே இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவன் மிச்சப் பழத்தையும் முடித்தான்.

பக்கத்தில் சும்மா இருந்த கம்ப்யூட்டரில் பூதக்கண்ணாடி தன் பாஸ்வேர்டைத் தட்டினான். 'தவறு' என்றது. மெதுவாகத் தட்டினான். அப்போதும் தவறுதான்.

அவனுக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. கணக்குப் பிரிவில் இருந்த அண்ணனை வீட்டுக்கு அனுப்பியதும் இப்படித்தான். முதலில் அட்டை வேலை செய்யவில்லை. பிறகு பாஸ்வேர்டு. பிறகு நாற்காலி. வாயைத் திறந்து ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவராகப் புரிந்துகொண்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, போய்ச் சேர்ந்தாச்சா? எல்லாரும் அப்பாவைப் பத்தி விசாரிச்சாங்களா?"

"ம்... விசாரிச்சுட்டே இருக்காங்க."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. பக்கத்திலேயே மாமனார் உட்கார்ந்திருப்பார். "உங்க கம்பெனி பலூன் மாதிரி மாப்ள, பெருசாகுதேன்னு சந்தோஷப்படாதீங்க" என்று கல்யாணத்தன்றே சொன்ன மனிதர்.

"மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

பொய் சொன்னது உறுத்தியதோ என்னவோ, மீட்டிங் நடக்கும் கண்ணாடி அறைக்குள் நுழைந்து மூலையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கலாம் என்று பார்த்தால், ஒரு படையே உள்ளே வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டது. குதிரைவாலும் வந்தாள். கடைசியாக வந்த தாடிக்காரர் கதவைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொண்டார். தப்பிக்க வழியில்லை.

"யார் இவர்?" என்று குதிரைவாலிடம் கிசுகிசுத்தான்.

"நம்ம புதுத் தலைவர். நேத்துதான் சேர்ந்தார். பயங்கரமான ஆளு."

தாடிக்காரரின் பார்வை நேராக அவன்மேல் விழுந்தது. "நீங்க?"

"டெஸ்டிங், சார்."

"டெஸ்டிங்கா? டெஸ்டிங்ல ஆளே இல்லன்னு சொன்னாங்களே!"

கணக்கே முடித்துவிட்டார்கள்! அவனுக்குக் காது சூடாகியது. போகிறதுதான் போகிறோம், முதுகைக் காட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஒரு வேகம் வந்தது.

"நான் இருக்கேன் சார். எந்தச் செயலியா இருந்தாலும் குடுங்க, பார்த்துச் சொல்றேன்."

திரையில் செயலி வந்தது. டாக்டரிடம் நேரம் வாங்கித் தரும் செயலி. அதுதான் அவன் கம்பெனியின் தொழில். ஆனால் முகப்பில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூனை.

மனிதர்களை முடித்துவிட்டு மிருகங்களுக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. லீவு போட்டால் இப்படித்தான், ஊரே மாறிவிடுகிறது.

அவன் 'குண்டு' என்று ஒரு பூனையை உருவாக்கினான். வயது இருநூறு என்று போட்டான். செயலி சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்தான், முந்தைய பக்கத்துக்குப் போனான், வேறொரு டாக்டரைத் தேர்ந்தெடுத்தான், மறுபடி முந்தைய பக்கத்துக்குப் போனான். ஒருமுறை பிடித்த நேரத்தைச் செயலி விடவே இல்லை. சற்று நேரத்தில் ஊரில் உள்ள அத்தனை மிருக வைத்தியர்களும் குண்டு என்கிற இருநூறு வயதுப் பூனைக்காகக் காத்திருந்தார்கள். வேறு எந்தப் பிராணிக்கும் நேரம் கிடையாது.

தாடிக்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் இதை வெளியிடப் போறதா இருந்தீங்க! நிறுத்துங்க. இவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகக்கூடாது. டெஸ்டிங் முழுக்க இனிமே இவர் பொறுப்பு. தலைவர் பதவி. நான் சொல்றேன்."

வேலை போன அரை மணி நேரத்தில் பதவி உயர்வு! சந்தோஷப்படலாம் என்று திரும்பினால், அறையில் இருந்த அத்தனை பேரும் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தை எழுதியவளே குதிரைவால்தான்.

"உங்களைக் கதவைத் திறந்து உள்ள விட்டேன் பாருங்க," என்றாள், "எனக்கு வேணும்."

பதவி வந்தால் கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் கொடுக்கிறவர் திரையைத் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேரே இல்லையே சார்."

"தெரியும்," என்றான் பாவமாக.

"பரவால்ல, எழுதி வாங்கிக்கறேன். இந்த மாசம் சேர்ந்த பாதிப் பேருக்கு இன்னும் பேர் ஏறலை."

அதோடு விட்டார்களா? மதியச் சாப்பாட்டின்போது, புதிதாகச் சேர்ந்தவர்களோடு அவனையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லவேண்டுமாம். பக்கத்தில் நின்றவன் தனக்கு நீச்சல் பிடிக்கும் என்றான். கைதட்டினார்கள். பூதக்கண்ணாடியின் முறை வந்தது.

பொறுக்க முடியவில்லை.

"நான் புதுசு இல்ல! இந்தக் கம்பெனி ஒரே ரூம்ல இருந்தப்போ வந்தவன். பிரிண்டரை பாத்ரூம்ல வெச்சிருந்தோம். யாராவது உள்ள போனா, அவங்க வெளிய வர்ற வரைக்கும் பிரிண்ட் எடுக்க முடியாது. அப்படி வளர்த்த கம்பெனி இது!"

இதோ, யாராவது எழுந்து 'உன்னைத்தான் அனுப்பியாச்சே' என்று சொல்லப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டான். கூடம் அதிரக் கைதட்டல் கேட்டது. மறுத்துப் பேச ஆள் வேண்டுமே! அங்கே இருந்தவர்களிலேயே பழையவர் போன மழைக்குச் சேர்ந்தவர். வாழைப்பழக்காரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், ஜன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்குங்க" என்றான்.

மறுபடி போன். "என்னங்க, மீட்டிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. என்னை... டெஸ்டிங்குக்குத் தலைவராப் போட்டுட்டாங்க."

மறுமுனையில் ஒரு கூச்சல். பிறகு மாமனாரின் குரல்: "மாப்ள, நான் அன்னிக்கே சொன்னேன், நல்ல கம்பெனின்னு! சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டு வந்துடறேன்!"

"மாமா, இருங்க..."

வைத்துவிட்டார்.

இனித் தாங்காது. நாளைக்கு உண்மை தெரிந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளினால், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் பதில் சொல்லவேண்டும். நேராகத் தாடிக்காரரிடம் போய் நின்றான்.

"சார், ஒரு உண்மை சொல்லணும். என் அட்டை வேலை செய்யல. சிஸ்டத்துல என் பேர் இல்ல. என்னை ஏற்கெனவே வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு நினைக்கறேன்."

தாடிக்காரர் சிரித்தார். "என் பேரும்தான் இல்ல. இண்டர்வியூல மனுஷங்களுக்கான செயலின்னாங்க, வந்து பார்த்தா நாயும் பூனையும். வளர்ற இடம்னா அப்படித்தான் இருக்கும். நீங்க எனக்கு வேணும். எங்க இருந்தாலும் நீங்கதான் என் டெஸ்டிங் தலைவர். போய்த் தூங்கிட்டு நாளைக்கு வாங்க."

தூக்கமா? சாயங்காலம் படியில் இறங்கும்போது, நாளைக்கு யார் வந்து துரத்துவார்களோ என்கிற நினைப்பில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே, காலையில் கார்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன் அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"சார்! நீங்க எங்க இங்க? அப்பா கால் எப்படி இருக்கு?"

அவனுக்குக் கண் கலங்கியது. நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி. "நடக்கறார் அண்ணே. ஆனா என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க போல. சீட்டு இல்ல, பேர் இல்ல, தெரிஞ்ச முகமே இல்ல."

"எப்படி இருக்கும்? உங்க கம்பெனிதான் இடம் பத்தலன்னு எதிர்க் கட்டடத்துக்குப் போயிடுச்சே. இப்ப மேல இருக்கறது வேற யாரோ, நாய் பூனைக்காரங்க."

பூதக்கண்ணாடி திரும்பிப் பார்த்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் நீலச் சுவர். மாடி ஜன்னலில் கணக்குப் பிரிவு அக்கா யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குத்தான்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. வேலை போகவில்லை. யாரும் அவனை அனுப்பவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும்தான் மாமனார் ஞாபகம் வந்தது.

"அண்ணே, வேலை தப்பிச்சுது, சந்தோஷம். ஆனா தலைவர் பதவி கிடைச்சுதுன்னு வீட்ல சொல்லித் தொலைச்சுட்டேன். மேல ஒரு தாடிக்காரர் குடுத்தார். வேற கம்பெனிக்காரர் குடுத்தது நம்ம கம்பெனில செல்லுமா?"

"தாடிக்காரரா? அட, அவர் உங்க கம்பெனிக்கு வந்த புதுத் தலைவர் சார்! அங்க நேத்துலேர்ந்து பூங்கொத்தோட காத்துக் கிடக்காங்க, இங்க நான் சொல்ல வாயைத் திறந்தா 'ஓகே, ஓகே'ன்னு தோள்ல தட்டிட்டு மேல போயிடறார்!"