நிலவறையை அடைத்த ருப்பெர்ட்

"என் உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல விறகுதான் எரியும்!"

ருப்பெர்ட் இப்படிச் சொன்னால் ஸ்டைரியா மலைப்பக்கம் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, அவன் விறகு அடுக்கினால் அப்படி அடுக்குவான். நூல் பிடித்த மாதிரி, சுவர் நீளத்துக்குக் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்புகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இவன் மீசையைத் தடவிக்கொள்வான்.

வெட்டி அடுக்கியதோடு அவன் வேலை தீர்ந்தது. அதைப் பனியில் கூடை கூடையாகச் சுமந்து வருவதும், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவதும், சாம்பல் அள்ளுவதும் யார் என்று அவன் யோசித்ததே இல்லை. கண் விழிக்கும்போது வீடு கதகதப்பாக இருக்கும். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான், புண்ணியவான்.

அவன் மனைவி நோட்புர்கா. வீட்டில் புர்கி. அவளும் வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏய்யா, ஊரே பெல்லட் பாய்லருக்கு மாறிடுச்சு. நாமளும் மாறிடலாமே?"

"மரத்தூளை அழுத்திச் செஞ்ச அந்தக் குச்சியா? பார்த்தா கோழித் தீவனம் மாதிரி இருக்கு. அதுல குளிர் காயணுமா நான்?"

"உன்னை அதைத் திங்கவா சொன்னேன்?"

"பேச்சை விடு, புர்கி."

விட்டுவிட்டாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். புர்கி ஒரு பேச்சை அவ்வளவு சுலபமாக விடுகிற ஜாதியா?

மே மாதம் ஒரு நாள், ரொட்டிக்கு உப்புக்கண்டம் நறுக்கிக்கொண்டே சாவகாசமாக ஆரம்பித்தாள்.

"கீழ நிலவறையில பெரிய ரூம் சும்மாதானே கெடக்கு?"

"கெடக்கட்டும்."

"ஊர் பேண்டு கோஷ்டிக்கு ஒத்திகை பார்க்க இடம் இல்லையாம். குளிர்காலம் பூரா சாயங்காலத்துல இங்க வந்து வாசிக்கட்டுமே. நம்ம வென்டலின் ட்யூபா ஊதுவான், நமக்கும் பொழுது போகும்."

ருப்பெர்ட் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். வென்டலின் அவள் தம்பி. ட்யூபா என்பது ஒரு ஆளே உள்ளே உட்காரலாம் போன்ற பித்தளை வாத்தியம். அவன் ஊதினால் கன்று போடுகிற பசு கதறுவது போல இருக்கும். அந்த நிலவறைக்கு நேர் மேலேதான் ருப்பெர்ட்டின் பெஞ்சு. மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வந்து சாயங்காலம் அதில் காலை நீட்டிப் படுப்பது ஒன்றுதான் அவன் கண்ட சொர்க்கம். அதற்கு வேட்டு!

மைத்துனனை வேண்டாமென்று சொல்லிவிட்டு அதே வீட்டில் சோறு தின்ன முடியுமா? முடியாது. ருப்பெர்ட் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் அந்த அறையையே நிரப்பிவிட்டால் என்ன என்று தோன்றி, டவுனில் பாய்லர் மாட்டுகிறவரிடம் போனான்.

"பெல்லட் கொட்டி வைக்கிற ரூமை இறுக்கி அடைச்சிரணும்," என்றார் அவர். "ஈரம் படக்கூடாது. ஆளும் உள்ள போகக்கூடாது. விஷவாயு தேங்கும்."

"வாத்தியம் வாசிக்க?"

"ஆளே போகக்கூடாதுங்கறேன், வாத்தியமாம்ல!"

ருப்பெர்ட் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை.

வீட்டுக்கு வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். "நீ இத்தனை வருஷமா ஆசைப்பட்டே, புர்கி. உனக்காக இறங்கி வந்துட்டேன். பெல்லட்டே போட்டுடலாம். என்ன, அந்த ரூம்தான் போயிடும்."

"ஐயையோ! வென்டலினுக்கு என்ன பதில் சொல்வேன்?" புர்கி முந்தானைத் துணியால், அதாவது சமையல் ஏப்ரனால், கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணு செய்யேன். கையால மூட்டை பிரிச்சுப் போடுற சின்ன பாய்லர் வாங்கு. பாதி ரூம் மிஞ்சும்ல?"

பாதி அறையா? அரைக் கோஷ்டி வந்தாலும் ட்யூபா முழுசாகத்தானே வரும்!

"சின்னதெல்லாம் வேணாம். தானா இழுத்து, தானா பத்திக்கிட்டு, தானா எரியிற பெரிசுதான். ரூம் பூரா கொட்டணும். கோடையில பெல்லட் விலையும் கம்மி."

"நீ சொன்னா சரிதான்," என்று பெருமூச்சு விட்டாள் அந்தப் பதிவிரதை.

ஆகஸ்டில் பெல்லட் ஏற்றிய டேங்கர் லாரி வந்தது. தொடை கனத்துக் குழாயைச் சுவரில் மாட்டினார்கள். வீடே அதிர ஒரு இரைச்சல். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக ருப்பெர்ட் எட்டிப் பார்த்தான். அடேயப்பா! பொன்னிறத்தில் அருவியாகக் கொட்டுகிறது. குன்று எழும்புகிறது, மலையாகிறது, கண்ணாடியையே மூடுகிறது. ஒரு குளிர்காலம் முழுசும் ஒரு அறைக்குள் அடங்கிவிட்டது. அறுத்த தேவதாரு வாசம் மாடி வரை ஏறியது. விறகைத் தவிர வேறு எதற்கும் மரியாதை கொடுக்காத மனுஷன், தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

லாரிச் சத்தம் கேட்டு வென்டலின் வேடிக்கை பார்க்க வந்தான்.

"மன்னிச்சுக்க மச்சான்," என்றான் ருப்பெர்ட், வெற்றி மிதப்பில். "உன் ஒத்திகைக்கு இடமில்லாமப் போச்சு."

"என்ன ஒத்திகை? முன் பல்லு விழுந்ததும் ட்யூபாவை வித்துட்டேனே. போன வருஷமே."

ருப்பெர்ட் மெதுவாகத் திரும்பினான். புர்கி லாரிக்காரருக்குப் பேரிக்காய்ச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. ஒவ்வொரு குளிர்காலமும் கேட்டேன். உனக்குத்தான் உன் கோடாலிச் சத்தத்துல எதுவும் விழலை."

இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் கூடை சுமந்தாள்?

நவம்பரில் முதல் பனி கொட்டிய காலை ருப்பெர்ட் கண் விழித்தான். வீடு கதகதவென்று இருந்தது. கீழே பாய்லர் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புர்கி தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் அவள் தூங்கும் முகத்தை அவன் பார்ப்பது இதுவே முதல் தடவை. கல்யாணமான நாளிலிருந்து அவன் கண் விழிக்கும் முன்பே அவள் படுக்கை காலியாகியிருக்கும். எவ்வளவு அழகாக இருக்கிறாள்! மூச்சு விடக்கூடப் பயந்து, அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

புர்கி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"முழிச்சாச்சுல்ல? போய் காப்பி போடு."