முப்பத்தோராம் நாளில் நான் சொன்ன விலை

அன்று, செத்து முப்பத்தோராம் நாள் செபத்துக்கு, அந்த வீட்டு விறாந்தையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லம்பேட் சம்மாட்டி. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் மூன்று படகுக்குச் சொந்தக்காரர். செத்தவரின் மகன்.

அவருடைய தாய் செசிலியம்மா. செத்தவரின் மனைவி. காது கொஞ்சம் மந்தம்.

கோயில் மூப்பர். செபம் நடத்த வந்தவர்.

சொந்தக்காரரும் அயலும். பாயில் நாற்பது பேர் இருக்கும்.

என் மனைவி ஜசிந்தா. பெண்கள் பக்கம், தூணோடு.

நான். சவப்பெட்டி செய்கிறவன்.

செத்தவர் மேசைமேல் படமாக இருந்தார். மாலை போட்டிருந்தார்கள். அவரையும் சேர்க்கத்தான் வேண்டும். பெட்டி அவருக்குத்தானே.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். "அப்பா, ஊரில ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுதுகள். நீங்களே ஒருக்கா சரியா எழுதுங்கோ" என்றாள் மகள் றொஷானி. சரியாக எழுதினாலும் வெட்கம் வெட்கம்தான். எழுதுகிறேன்.

எனக்கு ஒரு குறை இருந்தது. செய்த வேலைக்குக் காசு கேட்க வாய் வராது.

வேலை வரும். மலைவேம்புப் பலகை இருந்தால் ஒரு நாளில் பெட்டி முடிப்பேன். உள்ளே வெள்ளைச் சீலை. பக்கத்தில் கைபிடி. மூடியில் சிலுவை. கொண்டுபோய் இறக்குவேன். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அண்ணை?" என்று கேட்பார். அவ்வளவுதான்.  "அதைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு வெளியேறிவிடுவேன். (ஒருதரம் ஏறிப் போன சைக்கிளையே மறந்துவிட்டு நடந்து வந்திருக்கிறேன்.)

செத்த வீட்டில் நின்று விலை சொன்னால், எப்போது சாவார் என்று காத்திருந்தவன் மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் பட்டது. பிறகு அது கதவுக்கும் வந்தது. அலுமாரிக்கும் வந்தது. கதவு செய்தால் யாரும் சாவதில்லை. இருந்தாலும் வாய் வரவில்லை.

தருகிறவர்கள் தாங்கள் நினைத்ததைத் தருவார்கள். ஒருவர் பெட்டிக்கு இரண்டு சாக்குக் கருவாடு தந்தார். உயிலங்குளத்து ஆள் நெல் தந்தார். ஒரு வீட்டில் கிடாய் தந்தார்கள். அதை விற்கக் கொண்டுபோனேன். வாங்க வந்தவன் விலை கேட்டான். "பாத்துத் தாங்கோ" என்றேன். நன்றாகப் பார்த்தான். பிறகு தந்தான். அதை வைத்து ஒரு கோழி வாங்கலாம்.

மரக்காலை என்கிற பலகைக் கடை வைத்திருக்கும் காசீம் நானா அப்படியில்லை. நான் வாசலில் கால் வைக்க முன்னமே பலகைக்கு விலை சொல்லுவார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் தருவார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வார். அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த வருடம் எல்லாம் விலை ஏறியது. பலகை, ஆணி, சீலை. என் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு காலை ஜசிந்தா தன்னுடைய பாஸ்போட்டை என் முன்னால் வைத்தாள்.

"நான் குவைத்துக்குப் போறன்."

"ஏன்?"

"வீட்டு வேலைக்கு. மாதம் முடியச் சம்பளம் தருவினம். நானும் கேக்கத் தேவையில்லை, நீங்களும் கேக்கத் தேவையில்லை."

றொஷானிக்கு அப்போது பதினொரு வயது. நான் பாஸ்போட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை.

"போகாதை" என்றேன்.

"அப்ப வாயைத் திறவுங்கோ. லம்பேட் சம்மாட்டியின்ர தேப்பனுக்குச் செய்த பெட்டி எவ்வளவு?"

"நாப்பத்தெட்டாயிரம் வரும்."

"எனக்குச் சொல்லுறியள். அவருக்குச் சொன்னியளோ?"

"பிறகு பாப்பம் எண்டனான்."

"முப்பத்தோராம் நாள் வருது. அண்டைக்குச் சொல்லவேணும். உங்கட வாயால. சொன்னா இருக்கிறன். சொல்லாட்டி திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் போறன்."

ஜசிந்தா சொன்னால் செய்வாள். என்னைக் கட்டியதும் அப்படித்தான். (அவள் வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. இப்போது யோசித்தால் அவர்கள் பக்கமும் ஞாயம் இருந்திருக்கிறது.)

அன்றே பழக்கத் தொடங்கினாள். கதிரையில் சம்மாட்டி மாதிரிக் காலை அகட்டி இருந்தாள்.

"எவ்வளவு அண்ணை?"

"அது... பெட்டி நல்லா இருந்ததோ?"

"அதை உள்ள கிடக்கிறவரைத்தான் கேக்கவேணும். எவ்வளவு?"

"உங்கட விருப்பம்..."

கதிரையை விட்டு எழும்பினாள். "உங்களோட மல்லுக்கட்ட என்னால ஏலாது. தனிய இருந்து சொல்லிப் பழகுங்கோ. ஒரு நாளைக்கு ஐம்பது தரம்."

பட்டறைக்குள் போய் இருந்து சொன்னேன். இருபதுக்கு மேல் எண்ணிக்கை பிசகியது. திரும்பத் தொடங்கினேன். திரும்பப் பிசகியது. சட்டைப்பையில் செபமாலை இருந்தது. அதில் சின்ன மணி ஐம்பத்து மூன்று. ஒரு மணிக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டேன். ஐம்பதுக்கு மேல் மூன்று கூட. கூடினால் நல்லதுதானே.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சீவல் குவியலுக்கு நடுவே கண்ணை மூடி இருப்பேன். மணியை உருட்டுவேன். "நாற்பத்தெட்டாயிரம்." அடுத்த மணி. "நாற்பத்தெட்டாயிரம்." ஒன்பது நாள் சொன்னேன், நவநாள் மாதிரி. கடைசி நாளில் தடங்கல் இல்லை. விரலில் மணி நகர்ந்தால் வாய் தானாகவே சொன்னது. ஜசிந்தா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றாள். என் கையில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வந்தது. காலையில் கோயிலில் பூசை. பிறகு சம்மாட்டி வீட்டில் செபமாலை. அது முடியச் சாப்பாடு. சாப்பிட்டபின் சம்மாட்டியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் விலையைச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்.

செபமாலை சொல்கிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பத்து. ஒவ்வொரு பத்துக்கும் ஒருவர் முன்பாதியைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்வார்கள். யார் முன்பாதி சொல்வது என்பதை மூப்பர் தீர்மானிப்பார். வீட்டுக்கு வேண்டியவர்களைத்தான் கூப்பிடுவார். அது ஒரு மரியாதை.

மூன்று பத்து முடிந்தது.

"நாலாம் பத்தைப் பெட்டிக்கார அண்ணை சொல்லட்டும்" என்றார் மூப்பர். "பெரியவருக்குக் கடைசி வீடு கட்டிக் குடுத்தவர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செபமாலையை எடுத்தேன். கண்ணை மூடினேன். பெரிய மணிக்குப் பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே. அது பிழையில்லாமல் வந்தது. பிறகு விரல் சின்ன மணிக்குப் போனது. இனி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கவேண்டும்.

"நாற்பத்தெட்டாயிரம்" என்றேன்.

நல்ல உரத்த, தெளிவான குரல். பழகிய குரல்.

சனம் பழக்கத்தில் பின்பாதியைச் சொல்லி முடித்தது. அதனால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மணி. "நாற்பத்தெட்டாயிரம்." இந்த முறை பின்பாதி பாதி ஆட்களிடமிருந்துதான் வந்தது. மூன்றாவது மணி. "நாற்பத்தெட்டாயிரம்." செசிலியம்மா மட்டும் தனியாகப் பின்பாதி சொன்னார், கடைசி ஆமென் வரைக்கும்.

கண்ணைத் திறந்தேன். நாற்பது முகம். தூணோடு ஜசிந்தா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"என்னண்ணை அது?" என்றார் சம்மாட்டி.

"பெட்டி" என்றேன்.

"என்ன பெட்டி?"

"ஐயான்ர பெட்டி."

 செசிலியம்மா சுற்றிப் பார்த்தார். "ஏன்ரா நிப்பாட்டிப் போட்டியள்?"

சம்மாட்டி தாயின் காதுக்குள் கத்தினார். "பெட்டிக் காசு கேக்கிறார், அம்மா!"

"ஆர்?"

"பெட்டிக்கார அண்ணை!"

கிழவி என்னைத் திட்டும் என்று தலையைக் குனிந்தேன். கிழவி நெஞ்சில் சிலுவை போட்டது. "மாதாவே! இப்பவாவது கேட்டானே!" என்றது. பிறகு அழத் தொடங்கியது.

"முப்பது நாளா எனக்கு நித்திரை இல்லையடா தம்பி. மனிசன் ஆரின்ரயோ பெட்டிக்குள்ள கிடக்கிறார். ஒரு சதம் குடுக்கேல்லை. உழைச்சுச் சாப்பிட்ட மனிசனைப் பிச்சைப் பெட்டியில வச்சுத் தாட்டுப்போட்டம் எண்டு இவனோட நான் சண்டை பிடிக்காத நாள் இல்லை."

சம்மாட்டி என்னைப் பார்த்தார். "எத்தினை தரம் கேட்டனான், அண்ணை?"

"மூண்டு தரம்."

"போன கிழமை ரோட்டில கண்டு கூப்பிட்டன். சைக்கிளைப் போட்டிட்டுப் பனங்காணிக்குள்ள ஓடினியள்."

"ஒண்டுக்குப் போனனான்" என்றேன். (பொய். செபத்துக்கு நடுவே பொய்.)

பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரித்தது எனக்குச் சுடவில்லை. கிழவி அழுததுதான் சுட்டது. நான் கேட்காமல் இருந்தது அவர்கள்மேல் உள்ள இரக்கம் என்று நினைத்திருந்தேன். மற்றவன் காசுக்கு ஆசைப்படாத நல்ல மனிதன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்குக் கிழவி முப்பது நாள் நித்திரை முழித்திருக்கிறது.

சம்மாட்டி அறைக்குள் போய்க் கடித உறையோடு வந்தார். "செத்தவீடு முடிஞ்ச அண்டைக்கே எடுத்து வச்சது."

அப்போதாவது பேசாமல் வாங்கியிருக்கலாம். "நாப்பத்தைஞ்சு தந்தாக் காணும்" என்றேன்.

தூணடியில் ஒரு இருமல் கேட்டது. அது இருமல் இல்லை. குவைத்து.

கிழவிக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ தெரியாது. "என்னது, குறைக்கிறியோ? என்ர மனிசன் என்ன கழிவு விலைப் பெட்டியிலயோ கிடக்கிறார்? முழுக்க எண்ணிக் குடடா!"

சம்மாட்டி அந்த நாற்பது பேருக்கும் முன்னால் எண்ணினார். நான் சட்டைப்பையில் வைத்தேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விடலாம் என்று எழும்பினேன்.

"எங்க போறியள்?" என்றார் மூப்பர். "பத்து முடியேல்லை. முதல் மணியில இருந்து திரும்பச் சொல்லுங்கோ. இந்தமுறை மாதாவுக்கு."

சொன்னேன், பத்து மணியும். ஒவ்வொரு மணிக்கும் நான் வாய் திறக்கும்போது சனம் தலையை நீட்டி, என்ன வரப்போகிறது என்று பார்த்தது. அருள் நிறைந்த மரியே என்று வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுப் பின்பாதி சொன்னது. அப்படி ஒரு பக்தியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதர் முழுக்கக் கேட்டார்.  தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிதாக மூக்கைச் சிந்துகிற சத்தம். "ஒரு முழுச் செபமாலை சொல்லுங்கோ" என்றார். "செபம் மட்டும்."

திங்கட்கிழமை ஜசிந்தா ஏஜென்சிக்குப் போகவில்லை.

"வாயால கேக்கவேணும் எண்டனான். கேட்டியள். மூண்டு தரம்" என்றாள். பாஸ்போட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். (அந்த அலுமாரி நான் செய்தது. அதற்கு அவளுடைய தேப்பனிடமும் காசு கேட்கவில்லை.)

ஊர் இன்னும் விடவில்லை. மீன் வாடியில் யாராவது விலை சொல்லத் தயங்கினால், "பெட்டிக்காரரிட்டச் செபமாலையைக் கேட்டு வாங்கு" என்கிறார்கள். செசிலியம்மா இருக்கும்வரை என்னைக் கண்டால், "தம்பி, என்ர பெட்டி இப்ப எவ்வளவு?" என்று கேட்பார். நான் சொல்லும்வரை விடமாட்டார். அவர் செத்தபோது நான் சொன்ன விலையைத்தான், நான் இறக்கிவைக்க முன்னமே, மகன் தந்தார்.

போன கிழமை கொண்டச்சியில் இருந்து ஒருவர் வந்தார். மகளுடைய புது வீட்டுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு வேண்டும் என்றார். அளவு தந்தார். பிறகு, "எவ்வளவு வரும், அண்ணை?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

குசினிக்குள் இருந்து ஜசிந்தாவின் குரல் வந்தது. "றொஷானி, அப்பான்ர செபமாலையைக் கொண்டுவந்து குடு."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் செபமாலையோடு வாசலுக்கு வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.

எண்பத்திரண்டாயிரம்.