பதினான்கு நிமிடப் பக்கம்

வெள்ளத்திலிருந்து ஏடுகளைக் காத்தவர்கள் உண்டு. தீயிலிருந்து குழந்தைகளைக் காத்தவர்கள் உண்டு. ஆனால், எத்தனை பேர் எந்தப் பக்கத்தை எத்தனை நொடி வெறித்துப் பார்த்தார்கள் என்ற மாபெரும் செல்வத்தை மனித குலத்துக்காகக் கட்டிக் காத்தவர் ஒரே ஒருவர்தான். காதுக் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் என்பதால் வந்த பெயர். அந்தப் பிரிவில் வேறு ஆளே இல்லாததால் அவரே 'பெரிய புள்ளி'யும் ஆனார்.

நிறுவனத்தின் வலைத்தளத்துக்கு ஒருவர் வந்தால் போதும். எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே தட்டினார், எப்போது அலுத்துப்போய் ஓடினார் என்பதெல்லாம் புள்ளியின் திரையில் வந்து விழும். ஏழு வருடமாக விழுந்துகொண்டிருந்தது. மாதம் பிறந்தால் அதையெல்லாம் வண்ணக் கோடுகளாக்கி முதலாளி முன் விரிப்பார். முகப்புப் பக்கத்தில் மக்கள் நின்றது சராசரியாகப் பதினோரு நொடி. 'குறைகளைத் தெரிவிக்க' என்ற பக்கத்திலோ பதினான்கு நிமிடம்!

"நம்ம மேல ஜனங்களுக்கு இருக்கற பாசம் சார் இது," என்பார் புள்ளி. அந்தப் பாசத்துக்காக முதலாளி அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார். ஊழியர்கள் நின்றுகொண்டே கைதட்டினார்கள். நாற்காலிகளை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள்.

இப்படி எல்லாம் சுபிட்சமாகப் போய்க்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. பார்வையாளர்களை எண்ணிக் கொடுத்துவந்த சேவை ஒரு கடிதம் அனுப்பியது: நாற்பது நாளில் கடையை மூடுகிறோம், இதுவரை சேர்ந்த எண்கள் எல்லாம் அழிக்கப்படும், வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.

புள்ளி வீட்டுக்குப் போய், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு? யாராவது போய்ட்டாங்களா?" என்றாள் மனைவி.

"ஏழு வருஷம் போகப்போகுது."

"எனக்குப் பன்னெண்டு வருஷம் போயிருக்கு. சாப்பிடுங்க."

மறுநாளே 'பாரம்பரியப் பார்வையாளர் தரவுப் பாதுகாப்பு மற்றும் இடமாற்ற உயர்மட்டக் குழு' கூடியது. பெயரை எழுதியதும் பலகை நிறைந்துவிட்டதால் வேறு எதையும் எழுத முடியவில்லை. முதலாளி, புள்ளி, நான்கு மாதம் முன்பு தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்த நிரலாளர் பெண் என்று உறுப்பினர்கள் மூவர்.

"பழைய எண்களையெல்லாம் முதல்ல இறக்கி வெச்சுக்கலாம் சார்," என்றாள் நிரலாளர். "ஒரு மாசம் பழசையும் புதுசையும் சேத்து ஓடவிடலாம். ரெண்டும் எண்ணறதுல என்ன வித்தியாசம்னு அப்பத்தான் தெரியும். அப்புறம் தளத்துல இருக்கற ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பாத்து, பழசுலயும் புதுசுலயும் ஒரே பேர்ல பதியுதான்னு சரிபாக்கணும்."

"என்ன வேணா பண்ணுங்க," என்றார் முதலாளி. "கோடு மட்டும் ஒடியக்கூடாது."

பொத்தான்களை அமுக்கும் பொறுப்பைப் புள்ளி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் அறுபத்தொன்று. ஏழு வருடமாக அடுத்தவர்கள் அமுக்குவதை எண்ணியவர், அன்றுதான் முதன்முறையாகத் தானே அமுக்கினார். பாதிப் பொத்தான்கள் எதற்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அவற்றின் 'வளர்ச்சி விகிதம்' விரல்நுனியில் இருந்தது.

கடைசியாகக் குறை சொல்லும் பக்கத்துக்கு வந்தார். 'சோதனை' என்று எழுதி, 'அனுப்பு' என்பதை அமுக்கினார். பக்கம் ஒரு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு வெறுமையாக நின்றது. மெதுவாக அமுக்கிவிட்டோமோ என்று மறுபடி எழுதி அழுத்தமாக அமுக்கினார். மறுபடி வெறுமை. பெயர், முகவரி, கருவியின் எண் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். 'ஐயா, தயவுசெய்து' என்றுகூட ஆரம்பித்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

நிரலாளரைக் கூப்பிட்டார். "மேடம், இது எங்க போகுது?"

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். "எங்கயும் போகல சார். மூணு வருஷம் முன்னாடி படிவத்தை மாத்தியிருக்காங்க. போய்ச் சேர வேண்டிய முகவரியைக் கொடுக்க மறந்துட்டாங்க."

"அப்ப அந்தப் பதினாலு நிமிஷம்?"

"போகலன்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க சார்."

புள்ளிக்கு உடனே அந்த ஜனங்கள் நினைவுக்கு வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவருக்கு நினைவு வந்தது கேடயம். திருப்பிக் கேட்பார்களோ என்று அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில், மாமனார் தன் மகளின் கைக்கணினியை மடியில் வைத்து ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா தினமும் உங்க ஆபீஸ் பக்கத்தைத்தான் பாக்கறார்," என்றாள் மனைவி.

'மீண்டும் மீண்டும் வரும் விசுவாசப் பார்வையாளர்' என்று புள்ளியின் மனம் பழக்கதோஷத்தில் குதித்தது. எட்டிப் பார்த்தார். குறை சொல்லும் பக்கம்.

"மாமா, என்ன எழுதறீங்க?"

பதில் இல்லை. காதருகே குனிந்து கத்தினார்.

"வலது காது மிஷின் விசிலடிக்குது மாப்பிள்ளை. ஆறு மாசமாச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"மாப்பிள்ளைகிட்ட குறை சொல்றது நல்லாவா இருக்கும்? அதான் கம்பெனிகிட்ட சொல்றேன்."

ஆறு மாதமாகத் தான் கேட்டதற்கெல்லாம் மாமனார் பதில் சொல்லாததைத் திமிர் என்றல்லவா நினைத்திருந்தார் புள்ளி? மறுநாள் குழுவை அவசரமாகக் கூட்டினார்.

முதலாளி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொத்தானைச் சரிபண்ணினா பதினாலு நிமிஷம் என்னாகும்?"

"ஒரு நிமிஷம் ஆயிடும் சார்."

"கோடு?"

"ஒடியும் சார்."

தரவின் தொடர்ச்சியைக் கருதி, இடமாற்றம் முடிந்து ஓராண்டு ஒப்பீடும் நிறைவடைந்த பின்னர் பொத்தானைப் பழுதுபார்ப்பது எனத் தீர்மானம் நிறைவேறியது. நிரலாளர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவைத்தாள். புள்ளி போட்டார். வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

"சரி பண்ணியாச்சா?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"தீர்மானம் போட்டிருக்கோம்."

அவள் கூடத்துக்குப் போய்க் கத்தினாள். "அப்பா! தீர்மானம் போட்டிருக்காங்களாம்!"

"திருமணமா? யாருக்கும்மா?"

"தீர்மானம்ப்பா! ஒரு வருஷம் ஆகுமாம்!"

"ஆகட்டும், ஆகட்டும். அவசரப்படாம நல்ல இடமா பாக்கச் சொல்லு," என்று மாமனார் மனமார வாழ்த்தினார்.

மனைவி சிரிக்கவில்லை. புள்ளியை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனை நொடி என்று அவரால் எண்ண முடியவில்லை.

மறுநாள் காலை, முதலாளி வருவதற்கு முன்பே புள்ளி நிரலாளர் மேசை முன் நின்றார். "மேடம், அந்தப் பொத்தான்…"

"தீர்மானம் சார்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

வேலை ஆறு நிமிடத்தில் முடிந்தது. பத்து மணிக்கு முதல் கடிதம் வந்தது. 'ஐயா, வலது காதுக் கருவி விசிலடிக்கிறது. உங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் எனக்கு மிகவும் வேண்டியவர். இதனால் அவருக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்ளவும்.' புள்ளி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை எழுத்து மங்கியது.

மதியத்துக்குள் நாற்பத்துமூன்று கடிதங்கள். ஒருவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'அங்கே யாராவது இருக்கிறீர்களா?' புள்ளி 'இருக்கிறோம்' என்று தட்டினார். பொய் சொல்வது போலிருந்தது. அழித்துவிட்டு, 'இன்றிலிருந்து இருக்கிறோம்' என்று அனுப்பினார்.

ஏழு வருட எண்களும் ஒன்று குறையாமல் புது இடம் போய்ச் சேர்ந்தன. மாதக் கூட்டத்தில் புள்ளி குறைப் பக்கத்தின் கோட்டை விரித்தார். மூன்று வருடமாக ஏறி நின்ற கோடு, கடைசி மாதத்தில் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி நேராக இறங்கியிருந்தது. பதினான்கு நிமிடம் இப்போது வெறும் ஐம்பது நொடியாகக் குறைந்திருந்தது.

முதலாளியின் முகம் சிவந்தது. "என்ன இது? இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?"

"பொத்தானைச் சரிபண்ணச் சொன்னது நான்தான் சார். ஆனா அதை வீழ்ச்சின்னு சொல்லாதீங்க," என்று புள்ளி எழுந்து நின்றார். "அதுக்கு முந்தின மூணு வருஷ வளர்ச்சிக்கு யார் பொறுப்புன்னு கேளுங்க. அதுவும் நான்தான்."