கிங்பின் மாற்றிவிட்டேன், தங்கையை அனுப்பி வைக்கவும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், கார் என்னைவிட நலம். அங்கு தங்கள் நலமும் பிள்ளைகளின் நலமும், குறிப்பாக உங்கள் தங்கையின் கோபம் இப்போது எந்த அளவில் நிற்கிறது என்பதும் அறிய ஆவல்.

மூன்று வாரம் முன்பு பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவள் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. பல் இல்லாமல் சொன்னது உங்களுக்கு எவ்வளவு விளங்கியதோ அதுவும் தெரியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று பல் வைத்தியரிடம் புதுப் பல்செட் மாட்டிக்கொண்டு நம் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகம் நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்க ஆரம்பித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏங்க, மெதுவா..." என்று கத்தவும், தபாலாபீஸ் முன்னால் இருக்கும் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கவும் சரியாக இருந்தது. சொல் பாதியிலும் பல்செட் ரோட்டிலுமாக நின்றுவிட்டன. நான் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினால் இடது பக்கம் இழுப்பது அந்தக் காரின் வழக்கம். இழுத்தது. பின் சக்கரத்தடியில் நறுக்கென்று ஒரு சத்தம், புதுப் பல்செட் தூள். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியா, இந்த வயசுலயும் பிரேக் எப்படிப் பிடிக்குது!" என்று சொல்லித் தொலைத்தேன்.

பல் இல்லாத வாயால் திட்டினால் எடுபடாது என்று நினைத்தாளோ என்னவோ, வைத்தியரின் சீட்டைத் திருப்பிப் போட்டு, "நானா காரா, முடிவு பண்ணுங்க. இது நேரா ஓடுற அன்னிக்கு வந்து கூப்பிடுங்க" என்று எழுதி என் சட்டைப் பையில் சொருகிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் நேர்கோடு போட்டே ஓய்வு பெற்றவன் நான். என்னைப் பார்த்து இப்படி எழுதினால் சும்மா இருப்பேனா? மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார், அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். "சார், இது வீலா கிலுகிலுப்பையா? கிங்பின் தேஞ்சு பென்சிலா போயிருக்கு. புஷ்ஷைக் காணவே காணோம். ரெண்டு வீலும் ஆளுக்கொரு திசையப் பாக்குது. வீட்டுல ஏதாச்சும் சண்டையா சார்?" என்றார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்த என் சட்டையைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார்.

கிங்பின் என்பது முன் சக்கரம் வலமும் இடமும் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் இரும்பு முளை, புஷ் அதைச் சுற்றிப் போடும் உலோக உறை. நம் காருக்கு அதைச் செய்வதை நிறுத்தி நாற்பது வருடம் ஆகிறதாம். கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு, ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் அதே மாடல் கார் நிற்பதாகத் தகவல் கிடைத்தது. நின்றது. அவ்வளவாக ஓடாத கார், ஆனால் இப்போது கோழிக்கூண்டு. அம்மா தாராளமாகக் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனை: "முன் சீட்டுல ஒருத்தி அடைகாக்குறா. அவ எந்திரிக்காம கழட்டிட்டுப் போங்க." மச்சான், சுத்தியலுக்குத் துண்டு சுற்றி, ரகசியம் பேசுவது போல ஸ்பானர் கேட்டு, ஒரு பகல் முழுக்க நானும் டாக்டரும் காருக்கடியில் கிடந்தோம். ஒரே ஒரு நட்டு கை நழுவி விழுந்தது. அந்தக் கோழி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே, தவறாக நினைக்காதீர்கள், எனக்கு உங்கள் தங்கை ஞாபகம்தான் வந்தது.

நம் காரின் பழைய கிங்பின் மட்டும் வருவேனா என்றது. டீசலில் ஊற வைத்தோம், தீயில் காட்டினோம், மூன்றாம் நாள் டாக்டர் ஓங்கி ஒரு போடு போட்டார். "வந்துடுச்சு!" என்று அவர் கத்தினார். "கால்ல விழுந்துடுச்சுய்யா!" என்று நான் கத்தினேன். லேத்துக்காரர் பித்தளையில் புது புஷ் கடைந்து கொடுத்தார். கிரீஸ் அடித்து எல்லாம் பூட்டிய பின், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு நூல் கட்டி நானே நேர் பார்த்தேன். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ் இன்னிக்குத்தான் சார் உபயோகப்பட்டிருக்கு" என்று டாக்டர் பாராட்டினார்.

நேற்று ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் ஒற்றை விரல் போதும், வண்டி வெண்ணெயாகப் போகிறது. அதே தபாலாபீஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். ஒரு குலுக்கல் இல்லை. "பாத்தியாடி!" என்று பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சீட்டில் மெக்கானிக்கின் கிரீஸ் துணிதான் கிடந்தது. அதற்கு மேல் ஓட்டத் தோன்றவில்லை மச்சான், வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிரேக்கைப் பற்றிச் சொன்னது என் தப்புதான் என்று அவளிடம் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் காரோடு உங்கள் வாசலில் நிற்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, புதுக் கார் மட்டுமே வாங்கி வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கையே வந்து இறங்கிவிட்டாள். மூன்று வாரமாக அங்கே கோபத்தில் இருக்கவில்லையாம், டிரைவிங் பழகிக்கொண்டிருந்தாளாம். சொல்லிக் கொடுத்தது நீங்களாமே! "சாவியக் குடுங்க, நேரா ஓடுதான்னு நான் பாக்குறேன்" என்றாள். கொடுத்தேன். ஓடியது. எதிர்வீட்டு கேட் தூண் வரைக்கும் நூல் பிடித்தது போல ஓடியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கிங்பின் மட்டும் வளைந்துவிட்டது. "கார்மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நான்தான் திருப்ப மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பொக்கை வாயால் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிறன்று இருவருமாகப் பஸ்ஸில் வருகிறோம். தயவுசெய்து உங்கள் காரை ஷெட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.