ஒரு சிரிப்பு, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரிங்கிட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டில் எதிர்பாராத செலவு வந்து நின்றபோது நான் பதறவில்லை, கத்தவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவும் இல்லை. புன்னகையோடு எதிர்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆகப் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் குமாஸ்தா வேலை. (கப்பலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதே என் வேலை.) ஊழியர்களுக்குச் சம்பளத்தை உயர்த்த முடியாத கம்பெனிகள் அவர்கள் மனதை உயர்த்திப் பார்ப்பது வழக்கம். எங்கள் கம்பெனியும் அந்த வருடம் ஒரு ஹோட்டலில் ஒருநாள் பயிற்சி வைத்தது. பளபளவென்று கோட் போட்ட ஒருவர் வந்து, பிரச்சினை வந்தால் மூச்சை இழுத்துவிட்டு, சிரித்து, "ஐ எம் காம், ஐ எம் பிளஸ்ட்" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். மற்றவர்கள் கறிபாப் தின்றுகொண்டு கேட்டார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று மாலை வீடு திரும்பியவன் பழைய ஆள் இல்லை.

என் மனைவி கலாவுக்கு இந்தப் பயிற்சி எதுவும் கிடைக்கவில்லை. அவள் புலம்புவாள். தக்காளி விலை ஏறினால் புலம்புவாள், மின்கட்டணம் வந்தால் புலம்புவாள். பாசாரில் மீன்காரர் விலை சொன்ன அடுத்த நொடி, நெஞ்சில் கை வைத்து "ஐயோ அண்ணே, நாங்க எப்படித்தான் உயிர் வாழ்றது" என்று ஆரம்பித்தால், அவர் விலையைக் குறைத்து, மேலே இரண்டு மீனும் போட்டு அனுப்பிவைப்பார். எனக்கு அது மானக்கேடாக இருக்கும். பத்தடி தள்ளிப்போய்க் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயிற்சிக்குப் பிறகு அதற்கு ஒரு பெயரும் கண்டுபிடித்துவிட்டேன். நெகட்டிவ் எனர்ஜி.

கலா அப்போது ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் வார இறுதியில் படித்து டிப்ளோமா வாங்கினால் ஆசிரியை ஆகிவிடலாம். அதற்கான முதல் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட். இரண்டு தீபாவளிக்கு அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து அதைச் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை போய்க் கட்ட வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி, பணத்தோடு சேர்த்து, யாரும் தொடக்கூடாது என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். அது போக, வீட்டு அவசரத்துக்கென்று தனியாக ஆயிரத்து முந்நூறு வைத்திருந்தோம். எங்கள் சொத்து மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை கீழ்வீட்டு ரீத்தா ஆன்டி ஒரு சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மாடி ஏறி வந்தார். ஓய்வுபெற்ற தாதி, நல்ல மனுஷி.

"தம்பி, உங்க பாத்ரூம் தண்ணி எங்க குசினியில ஒழுவுதுலா. அடுப்புல ரசம் வெச்சா அது தானா பெருகுது."

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் மேல்வீட்டுக்காரர்தான் செலவு செய்ய வேண்டும் என்பது அடுக்குமாடி வழக்கம். கலா உடனே, "ஐயோ ஆன்டி, இந்த நேரத்துலயா!" என்று ஆரம்பித்தாள். நான் மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தேன். "கவலைப்படாதீங்க ஆன்டி, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றேன். ஆன்டி என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார்.

சனிக்கிழமை காலையில் அந்த நம்பருக்குரிய மணியம் அண்ணன் வந்தார். குழாய், டைல்ஸ் என்று எல்லா வேலையும் எடுத்துச் செய்கிறவர். சுத்தியல் காம்பால் தரையை நாலு இடத்தில் தட்டினார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "டைல்ஸை எல்லாம் ஒடச்சு எடுத்துட்டு, கீழ வாட்டர்புரூப் அடிக்கணும். ஒரு ஆயிரத்து அறுநூறு ஆவும்" என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதை இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அந்த மனிதர் காத்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் முதலில் சொல்லும் விலை விலையே அல்ல. கேட்டவர் அம்மாடி என்று அலற வேண்டும், சொன்னவர் கொஞ்சம் இறங்க வேண்டும், கேட்டவர் பிள்ளைகுட்டி, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் இழுக்க வேண்டும், சொன்னவர் இன்னும் இறங்க வேண்டும். அவர் அலறலுக்குக் காத்திருந்தார். நான் மூச்சை இழுத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தேன்.

"நோ ப்ராப்ளம் அண்ணே."

மணியம் அண்ணன் ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "என்ன வேலை செய்றீங்க?"

"போர்ட்ல. ஷிப்பிங்." (குமாஸ்தா என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஐந்நூறு ரிங்கிட்டாவது மிஞ்சியிருக்கும்.)

"ஓ. அப்போ பைப்பையும் மாத்திருவோம் பாஸ். பழசு." தன்னை அண்ணே என்று கூப்பிட்டவனை பாஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சிரித்தேன்.

"செவத்து டைல்ஸும் மாத்தினா ஒரே செட்டா அழகா இருக்கும் பாஸ்."

அதற்கும் சிரித்தேன். அதற்குள் குசினியிலிருந்து கலா ஓடி வந்தாள். கை ஏற்கெனவே நெஞ்சுக்குப் போயிருந்தது. "ஐயோ அண்ணே, எங்க நெலம ஒங்களுக்குத் தெரியாதுண்ணே..."

நான் அவள் தோளைப் பிடித்து மெல்ல அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். "கலா, இப்படிப் புலம்பினா கெட்டதுதான் வரும். நீ கொஞ்ச நேரம் உள்ள இரு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெளியே வந்து மணியம் அண்ணனுக்கு நெஸ்காப்பி கலந்து கொடுத்தேன். குடித்து முடித்ததும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். கைகொடுத்தேன். மதியத்துக்குள் லோரியில் ஆட்கள் வந்து தரையை உடைத்துவிட்டார்கள்.

மாலையில் விஷயம் சொல்ல ரீத்தா ஆன்டி வீட்டுக்கு இறங்கினேன். என் நிதானத்தை யாராவது பாராட்ட வேண்டும் என்று ஒரு நப்பாசை. ஆன்டி விலையைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் தம்பி, போன வருஷம் என் பாத்ரூமை அதே மணியந்தான் செஞ்சான். ஆயிரத்து இருநூறுதான். அவனும் முதல்ல ஆயிரத்து அறுநூறுதான் சொன்னான்."

"அப்புறம் எப்படி ஆன்டி?"

"அழுதேன்லா."

மேலே ஓடிவந்து மணியம் அண்ணனைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "பாஸ், காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நீங்க சிரிச்சீங்க. நான் சாமான் எல்லாம் வாங்கிட்டேன்." உடைந்த தரையின் மேல் புது டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

வீட்டு அவசரப் பணம் முழுவதும் போய், இன்னும் ஆயிரத்து அறுநூறு துண்டு விழுந்தது. கலாவிடம் எப்படிச் சொல்வது என்று பயிற்சியில் எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் அதற்கு எதுவும் இல்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கல்லூரிக் கட்டணத்தை அடுத்து ஆள் சேர்க்கும் இன்டேக்கில் கட்டிவிடலாம், எல்லாம் நேரம் காலம் பார்த்துத்தான் நடக்கும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

தக்காளிக்கு அரைமணி நேரம் புலம்புகிறவள் அன்று, "சரி" என்றாள். அவ்வளவுதான். அலமாரியிலிருந்து பணத்தை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால், ஒரு பாத்திரத்தையாவது தூக்கி எறிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கல்யாணமாகி நாலு வருடத்தில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம், வாயை மூடிக்கொண்டிருப்பது.

அடுத்த இன்டேக்கின்போது கட்டணம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததற்கு மகள் வயிற்றில் இருந்தாள். பிறகு அந்தக் கல்லூரியே அந்த வகுப்பை நிறுத்திவிட்டது. கலா இன்றும் அதே பாலர் பள்ளியில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் உதவியாளர் என்றுதான் இருக்கிறது.

இப்போது வீட்டில் எது பழுதானாலும், ஆள் வருவதற்கு முன்பே என் மகள் என்னை அறைக்குள் தள்ளுகிறாள். "உள்ள போங்கப்பா, சிரிச்சிடுவீங்க!" சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கதை ஒரு முறையாவது வந்துவிடும். கலாதான் நன்றாகச் சொல்வாள். என்னைப் போலவே மூச்சை இழுத்து, என்னைப் போலவே பல்லைக் காட்டி நடித்தும் காட்டுவாள். "அழுதேன்லா" என்ற இடத்தில் கதையை முடித்துவிடுவாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

போன தீபாவளிக்கும் சொன்னாள். சிரித்து முடித்ததும் என் மகள் கேட்டாள்: "ஏம்மா, அவ்ளோ காசு அப்பாக்கு எங்கேருந்து வந்துச்சு?"

கலா என் பக்கம் திரும்பவே இல்லை. "இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.