டிக்கியில் பதினொரு தட்டு

அன்புத் தம்பி சந்தோஷ்குமாருக்கு,

கந்தர்வக்கோட்டையிலிருந்து உன் அக்கா திலகவதி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மச்சான் ரகுநாத், குட்டி ஹரிணி, ஆத்தா நால்வரும் நலம். ஆத்தாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. சிங்கப்பூரில் நீயும் உன் வயிறும் நலமாக இருக்க வேண்டும். போனில் நான் வாயெடுத்தாலே "அக்கா, டியூட்டி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறும் ஆவூர் அடைக்கலத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கப்பல் பட்டறையிலேயே வேலை பார்க்கும் அவனுக்கு மட்டும் லீவு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி இருபதாம் தேதி ஹரிணியின் காதுகுத்துக்கு வர முடியாது, அதற்குப் பதிலாகத் தாய்மாமன் சீராக ஒரு கார் எடுத்துத் தருகிறேன், எஸ்.யூ.வி.யில் மிட்சைஸா காம்பாக்ட்டா என்று நீயே பார்த்துச் சொல் என்றாய். அட, மாமன் வரவில்லையா, சரி, மாமன் இடத்துக்கு வரப்போகிற வண்டியாவது எப்படிப்பட்டது என்று பார்ப்போமே என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்று உனக்கே தெரியும். முதலில், இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? புதுக்கோட்டை ஷோரூமில் கார்த்திகா என்று ஒரு பெண், பாவம், நல்ல பெண். சின்னது நாலு மீட்டருக்குள் அடங்கும், அதனால் வரி குறைவு, பெரியது அதைத் தாண்டும் என்றாள். நான் டேப்பைக் கொண்டுபோயிருந்தேன். குனிந்து அளந்தால் ஒரு சாணும் நாலு விரலும்தான் கூடுதல். இதற்கா இத்தனை லட்சம்? அப்புறம் அவள், "டிக்கி சின்னதுல முந்நூத்தி இருபது லிட்டர், பெருசுல நானூத்தி முப்பது லிட்டர் மேடம்" என்றாள். பதினொரு வருஷமாக ரேஷன் கடையில் பாமாயிலும் மண்ணெண்ணெயும் அளந்தவள் நான். விடுவேனா? "எத ஊத்தி அளந்தீங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் திருச்சிக்குப் போன் போட்டார். திருச்சிக்கும் தெரியவில்லை. முத்திரை இல்லாத அளவை நான் எப்படித் தம்பி ஒப்புக்கொள்வது?

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பதினொரு சீர்த் தட்டு, பழம், தேங்காய், வெற்றிலை எல்லாம் வைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உன் மச்சானோடு போனேன். சின்னதில் ஒன்பது தட்டுதான் போனது, பத்தாவது போட்டதும் டிக்கி மூடமாட்டேன் என்றது. பெரியதில் பதினொன்றும் போய், ஒரு வாழைத்தாருக்கும் இடமிருந்தது. நான் தட்டு அடுக்குவதைப் பார்த்து, டெலிவரி எடுக்க வந்த குடும்பம் ஒன்று மேனேஜரிடம் போய், "எங்களுக்கு மட்டும் தட்டு வைக்க மாட்டீங்களா?" என்று சண்டைக்கு நின்றது. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "டெஸ்ட் டிரைவ் போயிட்டு வாங்கம்மா" என்று பெரிய வண்டியையும் கார்த்திகாவையும் கூடவே அனுப்பினார். உன் மச்சான் ஓட்டினார். கூரையில் ஜன்னல் திறப்பதைப் பார்த்ததிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. நம் தெருவுக்குள் விட்டார். வண்டி நுழைந்துவிட்டது, அதில் குறையில்லை. இந்தப் பக்கம் அடிபம்பு, அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சொர்ணத்தின் மதில், கதவுதான் திறக்கவில்லை. பின்னால் எடுக்கலாமென்றால் செங்கல் ஏற்றிய குட்டியானை ஒன்று வந்து நிற்கிறது. சொர்ணம் ஜன்னல் வழியாகவே எங்களுக்குக் காபி கொடுத்தாள், "ஏம்ளா, வீட்டுக்கு வந்தும் எறங்க மாட்டியா?" என்று ஒரு கேள்வி வேறு. கடைசியில் குட்டியானைக்காரர் டிக்கியைத் திறந்துவிட, உன் மச்சான் பின்சீட்டைத் தாண்டி டிக்கி வழியாக இறங்கினார். தெருவே கைதட்டியது. அப்புறம் காம்பாக்ட்டையும் கொண்டுவந்து விட்டுப் பார்த்தோம், கதவு திறக்கிறது. ஆனால் ஆத்தா ஏறி உட்கார்ந்து, "ரெண்டு தட்டு கையில வச்சுக்கிட்டா வர்றது? மாமன் சீரு கொறையக்கூடாதுடி" என்று சொல்லிவிட்டது.

ஆகவே, நன்றாக யோசித்து நான் சொல்லும் முடிவு இது: மிட்சைஸையே எடு. வண்டி மெயின் ரோட்டில் நிற்கட்டும், நாங்கள் நடந்து போய் ஏறிக்கொள்கிறோம். நம்ம ஊர் அய்யனார், கப்பல் பட்டறையில் உனக்கு முன்னால் நடந்து, தலைக்கு மேலே தூக்கும் இரும்பையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா,
திலகவதி

பி.கு.: மேலே எழுதி இரண்டு நாளாகிறது, அது எல்லாவற்றையும் கிழித்துப் போடு. பெருசும் வேண்டாம், சிறுசும் வேண்டாம். ஒன்றை மறைத்துவிட்டேன். தட்டையெல்லாம் இறக்கிய பிறகு அந்தக் கார்த்திகா சும்மா பேச்சுக்கு, "காது குத்துறப்ப பாப்பா யாரு மடியில ஒக்காரும் மேடம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து அப்படி அழுதேன். விலையைக் கேட்டு அழுகிறேன் என்று நினைத்து மேனேஜர் பத்தாயிரம் குறைத்தார். இவ்வளவு பார்த்தேனே, சீட்டுச் சூடாகிறது, கண்ணாடி தானாக மடங்குகிறது, எந்த வண்டிக்கும் மடி இல்லையடா தம்பி. நேற்றுப் போய் மண்டபத்தைக் கேன்சல் பண்ணிவிட்டேன். "ஒன் தம்பிக்காக மண்டபத்த விடுவியா?" என்றார் உன் மச்சான். விடுவேன் என்றேன். ஹரிணிக்கு நாலு வயசு பிறக்க இன்னும் ஏழு மாசம் இருக்கிறது, அதற்குள் என்றைக்குக் குத்தினாலும் சரிதான். பத்திரிகை அடித்தாயிற்று, தேதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னேன். "இப்படி ஒரு பத்திரிகைய நான் அடிச்சதே இல்லம்மா" என்றார் பிரஸ்காரர். ஒனக்கு என்னைக்கு லீவோ அன்னைக்குத்தான் முகூர்த்தம். தேதியச் சொல்லு, முந்நூறு பத்திரிகையிலயும் நானே பேனாவால எழுதிக்கிறேன்.