பிரேக்குக்கு எண்ணெய்க் குளியல்

மைத்துனன் கை தன் காரின் ஸ்டியரிங்கில் படக்கூடாது என்று சேரன்மாதேவி ஐயம்பெருமாள் பிள்ளை முடிவு செய்துவிட்டார்.

ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடம் 1913-இல் அவர் வாங்கிய பழைய கார் அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவார். முக்கூடல் மைத்துனன் ஞானசம்பந்தனோ, கண்டித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது கார் ஓட்டக் கற்றவன். கார் ஒரு தடவை முக்கூடலுக்குள் போனால் அவன் ஓட்டுவான். அவன் சேக்காளிகள் எல்லாம் ஏறுவார்கள். அறுவடை முடியும்வரை கார் வீடு திரும்பாது.

திங்கட்கிழமை அவன் மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாளே போயாக வேண்டும். சனிக்கிழமை காலையில் பிள்ளை, மனைவி கோமுவிடம் பைய ஆரம்பித்தார்.

"நாளைக்குக் கார் வராது. பிரேக் பிடிக்க மாட்டேங்கு."

"முந்தாநாள் பிடிச்சுதே."

"வயசான வண்டி. எப்படிச் சொல்ல முடியும்?"

"வயசானா பிடிவாதம் கூடத்தான செய்யும்? உங்கள நான் பார்க்கலையா."

"நம்பலேன்னா ஓட்டிக் காட்டட்டா?"

"காட்டுங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. மிதியை அழுத்தினால் பின்சக்கரத்து இரும்பு உருளையை ஒரு தோல்பட்டை சுற்றி இறுக்கும், கார் நின்றுவிடும். குளித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பிள்ளை கொல்லைக்குப் போனார். சனிக்கிழமை முழுக்குக்காகக் கோமு நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். தலைக்கு வைக்க வேண்டியதை அப்படியே கொண்டுபோய் அந்தத் தோலுக்கு வைத்தார். தோல் ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

பிறகு வாசல் சரிவில் காரை விட்டு மிதியை அழுத்தினார். கார் கேட்கவில்லை. தன்பாட்டுக்கு உருண்டுபோய் வைக்கோல் போரில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

"பார்த்தியா?"

கோமு காரைப் பார்க்கவில்லை. அவர் தலையைப் பார்த்தாள்.

"எண்ணெய் தேய்ச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

"தலை காஞ்சு கிடக்கே."

"உடம்புச் சூடு. உள்ள இழுத்துட்டு."

"இழுக்கும். அப்ப சீயக்காய் வேண்டாமா?"

"வேண்டாம்."

"சரி, உங்க உசிரவிடவா காதுகுத்து பெரிசு? தம்பிய வண்டி கொண்டாரச் சொல்லி ஆள் விடுதேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை. மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் ஒரு பிடி கூடவே உண்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் ஞானசம்பந்தன் வில்வண்டியில் வந்து இறங்கினான். பிள்ளை பூசையை முடித்து வாசலுக்கு வந்தபோது, கோமு பட்டுச்சேலையோடு காரில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சீர்த்தட்டுகள். ஞானசம்பந்தன் முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் உறுமியது. அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"ஏ சம்பந்தம், இறங்கு. பிரேக் கிடையாது."

"அக்கா சொன்னா, அத்தான். நான் கண்டி மலையிலயே ஓட்டினவன். இந்த ரோட்டுல என்ன இருக்கு?"

பிள்ளை ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரை இறக்கம். அதன் அடியில் மருத மரங்கள்.

"கோமு, நீ இறங்கு. அதுல எண்ணெய் இருக்கு."

"எதுல?"

"பிரேக்குல. நாந்தான் ஊத்தினேன்."

ஞானசம்பந்தன் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் பார்த்தான். கோமு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"இருந்துது. நேத்து நீங்க குறட்டை விடுதப்ப, உங்க தலைக்கு வச்சிருந்த சீயக்காயையும் வடிச்ச கஞ்சியையும் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவிட்டாச்சு. எலே தம்பி, காட்டு."

கார் சரிவில் கொஞ்சம் உருண்டு, அடித்துவைத்த முளைபோல் நின்றது.

"அப்ப நானே ஓட்டுதேன்," என்று பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் கழுவின பிரேக்க நம்பி உங்கள ஏத்த எனக்கு மனசு வரல. நீங்க பைய வில்வண்டியில வாங்க."

கார் கால்வாய்க்கரை திரும்பி மறைந்தது. பிள்ளை வில்வண்டியில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தார். வண்டிக்காரன் முத்துமாலை, மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் திரும்பிக் கேட்டான்.

"அய்யா, இந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. பரவாயில்லையா?"